பிலாத்துவின் நாற்பது நாள்

ஈஸ்டர் ஞாயிறு மத்தியானம் டயானா வாய்க்குக் கொண்டுபோன கறித்துண்டைப் பாதியில் நிறுத்தியதோடு போன வாரம் விட்டிருந்தோம். கடைசிவரை அவள் அதைச் சாப்பிடவில்லை. வீட்டு நாய் சாப்பிட்டது.

நிறுத்தியதற்குக் காரணம், கொல்லைப் பக்கம் புளியமரத்தடியில் அவள் கண்ட காட்சி. அவள் அப்பா ஆரோக்கியமுத்துவும் தெருவின் மற்ற ஆண்களும் வட்டமாக உட்கார்ந்து, பிளாஸ்டிக் டம்ளரைத் தூக்கிப் பிடித்து, ஒருவருக்கொருவர் ஈஸ்டர் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் கொஞ்ச நாளுக்கு முன்னால், "கடந்த முப்பது நாளில் மது அருந்தினீர்களா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று பதில் சொன்னவர்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. வம்பே அதுதான்.

ஆவூர்ப் பக்கத்தில் இருக்கும் தோமையார்பட்டி பழைய கத்தோலிக்க ஊர். விபூதிப் புதனில் தொடங்கி ஈஸ்டர் வரைக்கும் அங்கே தவக்காலம். அந்த நாற்பது நாளும் கறி கிடையாது, கல்யாணம் கிடையாது, குடியும் கிடையாது. வருஷம் முழுக்க விழுந்து கிடக்கிறவர்கூட அந்த நாட்களில் தொடமாட்டார். ஈஸ்டர் பூசை முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிடுவார்.

டயானா தன் கேள்விகளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனது தவக்காலத்தின் கடைசி வாரங்களில். அந்த நேரத்தை அவளேதான் தேர்ந்தெடுத்தாள். அப்போதுதான் ஆண்கள் சாயங்காலம் வீட்டில் இருப்பார்கள், தெளிவாகப் பதில் சொல்வார்கள் என்பது அவள் கணக்கு. கணக்கு சரிதான். தெளிவாக இருக்கிற நேரம் பார்த்துப் போய்க் கேட்டுவிட்டு, ஊரே தெளிவாக இருக்கிறது என்று முடிவு எழுதி அனுப்பியதுதான் கோளாறு.

அனுப்பிய இடமும் சாதாரண இடமில்லை. போதைப் பழக்கம், மனநலம் இரண்டிலும் நாளைக்கு ஆராய்ச்சி செய்யப்போகிற இளைஞர்களைத் தயார் செய்ய மத்திய அரசு தருகிற பயிற்சி உதவித்தொகைக்கு விண்ணப்பத்தோடு போன முன்னோட்ட ஆய்வு அது. தேறினால் ஐந்து வருடம் படிப்பு, பெரிய மருத்துவமனைகளில் பயிற்சி, களப்பணி எல்லாம் அரசின் செலவு. தேறாவிட்டால் இப்போது பார்க்கிற வேலைதான். ஆளைப் பூட்டிவைத்து மணியடித்துச் சோறு போடுவதையே சிகிச்சை என்று சொல்கிற திருச்சித் தனியார் மறுவாழ்வு மையம் ஒன்றில் அவள் கவுன்சிலர். வயது வரம்பில் அவளுக்கு இதுதான் கடைசி வருடம்.

நேர்முகத் தேர்வு ஈஸ்டருக்கு மறுநாள், திங்கட்கிழமை, திருச்சியில்.

*

திங்கட்கிழமை காலை அடுப்படியில் இட்லியும் நேற்றைய கறிக்குழம்பும் இருந்தன. டயானாவின் அம்மா சந்தனமேரி பக்கத்து ஊர்ப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். எதையும் பெரிய கரண்டியால் கிண்டிப் பழகியவர்.

"அப்ப தப்பா எழுதிட்டேன்னு நீயே போய்ச் சொல்லப் போறியா?"

"சொல்லணும்ல?"

"சொன்னா குடுப்பாங்களா?"

"தெரியலம்மா. குடுக்க மாட்டாங்கன்னுதான் நினைக்கிறேன்."

சந்தனமேரி கரண்டியை வைத்துவிட்டு மகளைப் பார்த்தார். "எனக்கு இதுதான் வெளங்கல. கடையத் தொறந்து விக்கிறதும் கவர்மெண்டு, குடிக்கிறவன ஆராய்ச்சி பண்ணுன்னு காசு குடுக்கிறதும் கவர்மெண்டா?"

"அது ஸ்டேட்டும்மா. இது சென்ட்ரல்."

"எதுவா இருந்தா என்ன? ரெண்டுக்கும் பொழப்பு ஒங்கப்பாவாலதான் ஓடுது."

டயானாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் போன் அடித்தது. அவளுக்கு வழிகாட்டியான பேராசிரியர் ரத்தினவேல்.

ஞாயிறு சாயங்காலமே அவருக்கு விஷயத்தைச் செய்தியாக அனுப்பியிருந்தாள். அவர் ராத்திரி முழுக்க யோசித்திருக்க வேண்டும். குரல் கரகரத்தது.

"டயானா, உங்க அறிக்கையில அவங்களுக்குப் பிடிச்சதே குடிக்கிறவங்க பூஜ்யம்ங்கிற அந்த எண்தான். தமிழ்நாட்டில குடிக்காத ஒரு கிராமம்னா யாருக்குத்தான் ஆர்வம் வராது?"

"குடிக்காத கிராமம் இல்ல சார். அந்த நேரத்துல குடிக்காத கிராமம்."

"நீங்க எந்தத் தேதியில கேட்டீங்கன்னு அங்க யாரும் கேக்கப் போறதில்லை."

"நான் சொல்லிடலாம்னு இருக்கேன் சார்."

 ரத்தினவேல் கெட்டவர் இல்லை. அவரிடம் படித்தவர்களில் இதுவரை ஒருவருக்கும் இந்த மாதிரி ஒரு வாய்ப்பு வந்ததில்லை. அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"உங்க விருப்பம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

வாசலில் ஆரோக்கியமுத்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தயாராக நின்றார். அவரும் திருச்சிக்கு வருகிறார். அவர் மோட்டார் மெக்கானிக்; எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டச் செம்புக் கம்பி வாங்க வேண்டுமாம். கம்பி வாங்கத்தான் வருகிறாரா, மகளுக்குத் துணையா என்று கேட்டால் கம்பி என்றுதான் சொல்வார்.

சந்தனமேரி மகளோடு தெருமுனைவரை வந்தார்.

"அவரை ஓரத்து சீட்டுல உக்கார வை. காலையிலேருந்து கை நடுங்குது."

"சரிம்மா."

"டயானா..."

"என்னம்மா?"

சந்தனமேரி எதையோ சொல்ல வாயெடுத்தார். கணவரின் முதுகைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல. தண்ணி பாட்டில எடுத்துக்கிட்டியா?"

எடுத்துக்கொண்டிருந்தாள்.

*

ஆரோக்கியமுத்துவைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் அந்த வட்டாரத்தில் குறைவு. பிலாத்து என்றால்தான் தெரியும். பெரிய வெள்ளி அன்று ஊரில் நடக்கும் பாஸ்கா நாடகத்தில், இயேசுவைச் சாவுக்குக் கையளித்துவிட்டுக் கை கழுவுகிற ஆளுநர் பிலாத்து வேஷம் அவருக்குத்தான். நல்ல உயரம், கணீர்க் குரல். 'இந்த நீதிமானின் இரத்தத்தில் எனக்குப் பங்கில்லை' என்று அவர் சொல்லும்போது பின்வரிசைக் குழந்தைகள்கூட அழுகையை நிறுத்திவிடும். கை கழுவுவதற்கு அவருக்கு ஒத்திகையே தேவையில்லை என்பது சந்தனமேரியின் கட்சி. இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் எல்லாவற்றிலும் கழுவியவர்தானாம்.

நாடகத்தில் நடிக்கிறவர்கள் தவக்காலம் முழுக்க ஒருசந்தி இருக்க வேண்டும். ஒருவேளைச் சாப்பாடு, சுத்தபத்தம். குடித்தது தெரிந்தால் வேஷம் வேறு ஆளுக்குப் போய்விடும். ஆரோக்கியமுத்து ஒரு வருஷமும் விட்டுக்கொடுத்ததில்லை. அந்த நாட்களில் அவர் கட்டுகிற காயில் எரிவதில்லை என்று விவசாயிகளுக்கு ஒரு நம்பிக்கை. கைநடுக்கம் நின்ற பிறகு கட்டுவதல்லவா! கெட்டுப்போன மோட்டாரை மாசிவரைக்கும் போட்டு வைத்திருந்து அப்போது கொண்டுவந்து கொடுப்பவர்களும் உண்டு.

மினி பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். டயானா பக்கத்தில்.

"அப்பா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு தாயி."

"இன்னைக்கு அங்க தவக்கால விஷயத்தச் சொல்லப் போறேன். நாற்பது நாள் நிறுத்திட்டு மறுபடி தொடங்குறது. உதாரணத்துக்கு ஒரு ஆளப் பத்திச் சொல்ல வேண்டி வரும்."

"யார?"

டயானா அவருடைய கைகளைப் பார்த்தாள். ஆரோக்கியமுத்து திரும்பி அவளைப் பார்த்தார்.

"என்னையவா?"

"நீங்க சரின்னு சொன்னாத்தான். ஆராய்ச்சியில ஒருத்தரப் பத்திப் பேசுறதுக்கு அவர்கிட்ட அனுமதி வாங்கணும்."

"நல்லாருக்கு! பெத்த அப்பன் குடிகாரன்னு சபையில சொல்றதுக்கு என்கிட்டயே அனுமதியா?"

"பேரு சொல்ல மாட்டேன்."

"பேரு சொல்லாட்டி யாருன்னு தெரியாதா? அன்னைக்கு ஒன் சிநேகிதி ரம்யா வந்து கேள்வி கேட்டுச்சுல்ல, உள்ளத உள்ளபடிதான சொன்னேன்? இல்லன்னேன். இல்லதான். அப்புறம் என்ன?"

ரம்யா டயானாவோடு படித்தவள். சொந்தக்காரர்களிடம் ஆராய்ச்சி செய்கிறவரே கேள்வி கேட்கக் கூடாது என்பது விதி. அதனால் அப்பாவிடம் ரம்யா கேட்டாள். விதிகளை எல்லாம் டயானா ஒழுங்காகத்தான் கடைப்பிடித்திருந்தாள்.

"வேணாம் டயானா" என்றார். பாப்பா, தாயி எல்லாம் போய் டயானா வந்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

கீரனூரில் இறங்கித் திருச்சி பஸ்ஸுக்கு நின்றார்கள். டீக்கடையில் ஆரோக்கியமுத்து கிளாஸை வாங்கினார். கை ஆடிய ஆட்டத்தில் டீ வெள்ளைச் சட்டையில் சிந்தியது. டயானா கிளாஸைப் பிடிக்கப் போனாள். அவர் விடவில்லை. கிளாஸைப் பெஞ்சின் மேல் வைத்து, குனிந்து உறிஞ்சினார்.

அதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. மறுவாழ்வு மையத்தில் தினமும் இதைப் பார்க்கிறாள். அங்கே பார்ப்பது வேறு.

திருச்சி பஸ்ஸில் கூட்டம் இல்லை. கொஞ்ச தூரம் போனதும் அவராகவே பேசினார். கோபம் தணிந்திருந்தது, அல்லது டீ வேலை செய்திருந்தது.

"எனக்கு நிறுத்தணும்னா நிறுத்தத் தெரியும். ஒங்க ஆஸ்பத்திரி, மாத்திரை எதுவும் எனக்குத் தேவையில்ல. வருசா வருசம் நிறுத்துறேன்ல? இந்த வருசம் ஒத்திகையில விழுந்தப்பகூட எந்த டாக்டருகிட்டயும் போகல. கோயில்பிள்ள ஓடியாந்து சாவிக்கொத்தக் கையில திணிச்சாரு. செத்த நேரத்துல எந்திரிச்சு உக்காந்துட்டேன்."

விபூதிப் புதனுக்கு மறுநாள் சாயங்காலம் நடந்த கதை அது. டயானா அப்போது திருச்சியில் இருந்தாள். அம்மா போனில், 'ஒருசந்தி இருக்காருல்ல, பசி மயக்கம்' என்றார். அவளும் இளநீர் வாங்கிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

இப்போது அவள் அப்பா பக்கம் முழுதாகத் திரும்பினாள்.

"மயக்கம்னா மூஞ்சியில தண்ணி தெளிப்பாங்க. சாவி எதுக்குப்பா குடுத்தாங்க?"

ஆரோக்கியமுத்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

இரும்பைக் கையில் கொடுப்பது வலிப்புக்கு. அது பயனில்லாத வேலை என்று டயானா படித்திருக்கிறாள். ஆனால் யாரும் மயக்கத்துக்கு இரும்பைத் தேடி ஓடுவதில்லை. கோயிலைத் திறந்து பூட்டுகிற கோயில்பிள்ளைக்கு அன்று கண்ணால் கண்டது என்னவென்று தெரிந்திருக்கிறது. சுற்றி நின்றவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. எல்லோரும் சேர்ந்து அதற்குப் பசி மயக்கம் என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

"நாக்கு கடிபட்டுச்சா?"

அவர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கினார்.

"அப்பா."

"பட்டுச்சு. ரெண்டு மூணு நாளு வசனம் பேச முடியல. ஒங்கம்மா தேன் தடவுனா."

"ஏன் என்கிட்டச் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவ? ஆஸ்பத்திரியில படுக்கப் போடுவ. வேஷத்த அந்தச் செவந்தி மகனுக்குக் குடுத்துருவாங்க. ஒங்கம்மாகிட்ட நான்தான் சத்தியம் வாங்குனேன்." அவர் குரல் தாழ்ந்தது. "வருசத்துல அந்த நாற்பது நாளுதான் பாப்பா ஊருக்குள்ள என்னைய மனுசன்னு மதிக்கிறானுக. மத்த நாள்ல ஒதுங்கிப் போறவன்லாம் அப்ப நின்னு பேசிட்டுப் போவான்."

டயானாவுக்கு அப்பா மேலும் கோபம் வந்தது, அம்மா மேலும் வந்தது. எல்லோரையும்விடத் தன்மேல்தான் அதிகம் வந்தது. தினமும் குடிக்கிறவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம் என்பது அவள் படிப்பின் அரிச்சுவடி. அதைத் திருச்சியில் யார் யாருக்கோ சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு இளநீர் சிபாரிசு செய்திருக்கிறாள்.

பஸ் திருச்சி எல்லைக்குள் நுழைந்தபோது அவளுக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது.

"ஜெபக்குமார் மாமாவும் தவக்காலத்துலதான செத்தாரு?"

ஜெபக்குமார் அப்பாவின் கூட்டாளி. நாடகத்தில் ரோமைப் படையின் நூற்றுவர் தலைவன். டயானா பத்தாவது படிக்கும்போது தவக்காலத்தின் முதல் வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை ஊர்வலத்தில் விழுந்து இறந்துபோனார். ஒருசந்தியில் சாவது நல்ல சாவு, நேராக மோட்சம் என்று ஊரே கொண்டாடி அடக்கம் செய்தது. அவர் மனைவிக்கு அதுதான் இன்றுவரை ஆறுதல்.

"ஆமா. நல்ல சாவு" என்றார் ஆரோக்கியமுத்து, பழக்கத்தில்.

"விழுறதுக்கு முன்னாடி கை கால் வெட்டி இழுத்துச்சா?"

அவர் முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அவனுக்கும் சாவிதான் குடுத்தோம்" என்றார். "அப்ப அவன் பசியில சாகலையா?"

"தெரியலப்பா. எனக்கு இன்னும் தெரியாது. அதத்தான் யாராவது உக்காந்து கண்டுபிடிக்கணும். எத்தனை ஊர்ல, எத்தனை பேருக்கு இப்படி ஆச்சுன்னு."

மத்திய பேருந்து நிலையம் வந்துவிட்டது. இறங்கும்போது ஆரோக்கியமுத்து அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சொல்லிக்க."

"அப்பா?"

"பேரு சொல்லாத. பிலாத்துன்னும் சொல்லாத, அது பேரச் சொன்ன மாதிரிதான்."

"ஒரு மோட்டார் மெக்கானிக்னு?"

"இந்தச் சுத்துப்பட்டுல வேற எவன் இருக்கான்? ஒரு ஆளுன்னு சொல்லு. போதும்."

*

தேர்வுக் குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் மனநல மருத்துவர் பிரகதீஸ்வரி. நரைத்த தலை, பேனா மூடியைத் திருகித் திருகித் திறக்கிற பழக்கம். வலப்பக்கம் டெல்லியிலிருந்து வந்திருந்த ஒரு தமிழ் அதிகாரி. இடப்பக்கம் புள்ளியியல் பேராசிரியர் ஒருவர்.

அதிகாரிதான் தொடங்கினார். "ரொம்ப சுவாரஸ்யமான முடிவு டயானா. ஒரு கிராமமே குடிக்காம இருக்கு. இதுக்கு என்ன காரணம்னு நினைக்கிறீங்க?"

"அந்த முடிவு தப்பு சார்."

பேனா மூடி நின்றது.

டயானா சொன்னாள். தவக்காலம் என்றால் என்ன, எந்த வாரங்களில் கேள்வி கேட்டாள், புளியமரத்தடியில் நேற்று என்ன பார்த்தாள். வீட்டிலிருந்து கிளம்பும்போது மனப்பாடம் செய்துவைத்த வாக்கியங்கள் எதுவும் உதவவில்லை. சாதாரணமாகச் சொன்னாள்.

புள்ளியியல் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ உங்க முன்னோட்ட ஆய்வு செல்லாதுன்னு நீங்களே சொல்றீங்க?"

"ஆமா சார்."

"பிறகு எதை வெச்சு உங்களுக்கு இந்த இடத்தைக் குடுக்கறது?"

"அதுக்குப் பதில் என்கிட்ட இல்ல சார். ஆனா கேக்க வேண்டிய கேள்வி வேற ஒண்ணு இருக்கு."

அந்த ஒரு ஆளைப் பற்றிச் சொன்னாள். ஒரே நாளில் நிறுத்தியது, மறுநாள் சாயங்காலம் விழுந்தது, கையில் கொடுத்த சாவி, நாக்கில் தடவிய தேன். அதற்குப் பல வருஷம் முன்னால் இறந்துபோன இன்னொருவரையும் சொன்னாள், அவருடைய சாவுக்குக் காரணம் உறுதியாகத் தெரியாது என்பதையும் சேர்த்து.

"தவக்காலம் மட்டும் இல்ல மேடம். மாலை போடுறவங்க, காப்புக் கட்டுறவங்க, சாமிகிட்டச் சத்தியம் பண்ணிக் கயிறு கட்டிக்கிறவங்க, நோன்பு இருக்கிறவங்க. எல்லாரும் ஒரே நாள்ல நிறுத்துறாங்க. அந்த முதல் வாரத்துல என்ன ஆகுதுன்னு யாரும் பாக்கல. விழுந்தா பசி மயக்கம்னு சொல்றோம். செத்தா மோட்சம்னு சொல்றோம்."



பிரகதீஸ்வரி முதல்முறையாகப் பேசினார். "நீங்க அந்த ஊர்க்காரப் பொண்ணு. இந்தத் துறையில படிச்சவங்க. தவக்காலத்துல யாரும் குடிக்க மாட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் மேடம்."

"பின்ன எப்படித் தவறுச்சு?"

"சின்ன வயசுலேருந்து எனக்கு அது தவக்காலம் மேடம். குடிய நிறுத்துறதுன்னு ஒரு நாளும் தோணல. வீட்டுல சத்தம் இல்லாம, அப்பா..." நிறுத்திக்கொண்டாள். "வீட்டு ஆம்பளைங்க வேளைக்கு வந்து சாப்பிடுற மாசம். எங்களுக்கு அது சந்தோஷமான மாசம். அத யாரும் சந்தேகப்பட்டுப் பாக்க மாட்டாங்க."

மருத்துவர் அவளையே பார்த்தார். "வலிப்பு வந்தவர் இப்ப எங்க இருக்கார்? மறுபடி குடிக்கிறாரா?"

"குடிக்கிறார். எங்க இருக்கார்ங்கறதச் சொல்ல நான் அனுமதி வாங்கல மேடம்."

பிரகதீஸ்வரியின் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து உடனே போய்விட்டது.

"செல்லாத ஆய்வுக்கு இடம் குடுக்க விதியில வழி இருக்கான்னு பாக்கணும். இல்லாமலும் போகலாம். வெளியில இருங்க, கூப்பிடுறோம்."

*

வெளியே அப்பா காத்திருந்த பெஞ்சு காலியாக இருந்தது.

வரும் வழியில் வாங்கிய செம்புக் கம்பிச் சுருள் இருந்த மஞ்சள் பை மட்டும் அதன்மேல் இருந்தது. ஆளைக் காணோம். டயானா பெஞ்சில் உட்கார்ந்தாள். எங்கே போயிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். போய்த் தேடவில்லை. தேடிப் போய்க் கூட்டிவருகிற வேலையை அம்மா எத்தனையோ வருஷம் செய்து கைவிட்டாயிற்று.

கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா வந்தது காலடிச் சத்தத்தில் தெரியவில்லை. வாசனையில் தெரிந்தது.

அவர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். கை நடுங்கவில்லை.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"கூப்பிடுறோம்னாங்க."

இருவரும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 

"அந்தக் கேள்விய இப்பக் கேளு" என்றார் ஆரோக்கியமுத்து.

"எந்தக் கேள்வி?"

"ரம்யா கேட்டுச்சே."

"நான் கேக்கக் கூடாதுப்பா. சொந்தக்காரங்க..."

"கேளு பாப்பா."

டயானா அவரைப் பார்த்தாள். சட்டையில் டீக்கறை காய்ந்திருந்தது.

"கடந்த முப்பது நாள்ல குடிச்சீங்களா?"

"குடிச்சேன். சனிக்கிழமை ராத்திரி ஈஸ்டர் பூசை முடிஞ்சு குடிச்சேன். நேத்துக் குடிச்சேன். இப்பயும் குடிச்சிட்டுத்தான் வாரேன்." மேடையில் பேசுகிற கணீர்க் குரல் இல்லை, டீக்கடையில் கிளாஸை வைத்துக் குனிந்தவரின் குரல். "குடிக்காம ஒன் பக்கத்துல உக்காரணும்னுதான் பாத்தேன். கை நிக்கல."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்ட வேண்டும்போல இருந்தது. அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டுக்கும் இது இடமில்லை.

"அடுத்த வருசத் தவக்காலத்துக்கும் நான்தான் பிலாத்து" என்றார் அவர். "நிறுத்தாட்டி வேஷம் போயிரும். நிறுத்துனா ஜெபக்குமாரு போன எடத்துக்குப் போயிருவேங்குற. சாகாம நிறுத்துறதுக்கு வழி இருக்கா, இல்லையா?"

"இருக்குப்பா. தவக்காலம் தொடங்குற வாரம் ஆஸ்பத்திரியில இருந்தீங்கன்னா மருந்து குடுத்துப் பாத்துக்குவாங்க."

"விபூதிப் புதனன்னைக்கு நான் ஆஸ்பத்திரியில படுத்துக் கெடந்தா, நெத்தியில யாரு விபூதி வைப்பா? கோயிலுக்கு வராத பிலாத்துவ ஊருல எவன் மதிப்பான்?"

டயானா படித்த எந்தப் பாடத்திலும் அதற்கு விடை இல்லை. மருந்து இருக்கிறது, மருத்துவமனை இருக்கிறது. அங்கேயிருந்து தோமையார்பட்டிக் கோயில் வாசல்வரை வருகிற வழியைத்தான் இதுவரை யாரும் போடவில்லை. ஐந்து வருடம் அதற்குத்தான் வேண்டும் என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

கதவு திறந்தது. உதவியாளர் எட்டிப் பார்த்தார்.

"டயானா ஆரோக்கியமுத்து! உள்ள வாங்க."

டயானாவின் அப்பா பெயரையும் சேர்த்து அவர் உரக்கக் கூப்பிட்டதில், ஆரோக்கியமுத்துவும் தன்னையும்தான் என்று எழுந்து நின்றுவிட்டார். திறந்த கதவு வழியாக டாக்டர் பிரகதீஸ்வரி அவரைப் பார்த்தார். அவர் சட்டையைப் பார்த்தார், கையில் தொங்கிய மஞ்சள் பையைப் பார்த்தார், பிறகு டயானாவைப் பார்த்தார்.



"அவரும் வரட்டும்" என்றார் டாக்டர்.

டயானா அப்பா பக்கம் திரும்பினாள். "நீங்க சரின்னு சொன்னாத்தான்" என்றாள், காலையில் பஸ்ஸில் சொன்ன அதே குரலில்.

ஆரோக்கியமுத்து பையைப் பெஞ்சில் வைத்தார். டீக்கறை மேல் ஒருமுறை கையைத் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை.

"வாயி நாறுமே பாப்பா" என்றார்.